மரத்தில் செதுக்கிய மீன்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

காரைக்குடிப் பக்கம் மரவேலைக்குக் குறைவில்லை. நிலை, கதவு, தூண், உத்தரம் என்று எங்கே பார்த்தாலும் பூவும் கிளியும் யாளியும் செதுக்கிப் பழகிய கைகள் இங்கே இருக்கின்றன. ஆனால் மீன் வேறு மாதிரியான வேலை. நிலையில் இருக்கும் கிளிக்குப் பின்னால் பலகை இருக்கிறது, அது தாங்கிக்கொள்ளும். மீனோ நாலாபக்கமும் வெளியே தெரிகிறது. வயிறு தடிமனாக இருக்க, வாலும் துடுப்பும் அட்டை கனத்துக்கு மெலிய வேண்டும். ஒரே கட்டையில் இவ்வளவு தடிமனும் இவ்வளவு மெலிவும் சேர்ந்தால் கோளாறு வரத்தான் செய்யும்.

பழுதுபார்க்க வரும் மீன்களில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே யாரோ மேலாகக் கை வைத்திருப்பார்கள். விரிசலுக்கு லப்பம் (ஓட்டை அடைக்கும் பூச்சு), உரிந்த இடத்துக்கு இன்னொரு கோட் பெயின்ட். காரணம் அநேகமாக உள்ளே மரத்தில் இருக்கும், அதனால் அதே இடம் திரும்பவும் விடும். எந்தக் கோளாறானாலும் முதலில் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: என்ன மரம், பச்சையாகச் செதுக்கியதா காய்ந்த பிறகா, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, மீனை வீட்டில் எங்கே வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் உளியையோ தூரிகையையோ எடுக்க வேண்டாம்.

## விரிசல் விட்டிருக்கிறது

உடனே அடைக்காதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசலின் வாயில் ஒரு காகிதம் நுழைகிறதா, விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்த்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. நீளம் அப்படியே இருந்து அகலம் மட்டும் கூடிக் குறைந்தால், அது காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மூடித் திறக்கிற விரிசல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

### வாய் நுனியிலோ வால் நுனியிலோ விட்டிருந்தால்

மரத்தின் ஈரம் வெட்டுமுகம் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். மீனைக் கட்டையின் நீளவாக்கில் செதுக்கும்போது வெட்டுமுகம் வருவது வாயிலும் வாலிலும்தான்.

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கலாம். மீன் எங்கே இருக்கிறது? வளவைச் (வீட்டின் நடு முற்றத்தைச்) சுற்றிய தாழ்வாரத்தில் வைத்திருந்தால், காலையிலோ மாலையிலோ முற்றத்து வெயில் அதன் ஒரு பக்கத்தில் விழுகிறதா என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்திருந்தால் எந்த மரமும் விடும். பட்டாலையின் (உள்கூடத்தின்) உள்சுவர்ப் பக்கம் மாற்றி வைத்தாலே பல மீன்கள் அதோடு நின்றுவிடும்.

இப்போது நிறைய வீடுகள் ஓட்டலாகிவிட்டன, முகப்புக்கு ஏசி போட்டிருக்கிறார்கள். வெளியே காய்ந்த மரம் ஏசிக்குள் போனால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்திலிருந்து மீனை நகர்த்துங்கள்.

அடுத்த காரணம், வேலை நடக்கும்போது வெட்டுமுகத்தை மூடாமல் விட்டது. பாதி செதுக்கிய மீனைச் சித்திரை வெயிலில் பட்டறையில் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் வாய் பிளந்துதான் இருக்கும். அன்றைய வேலை முடிந்ததும் வாய், வால் நுனிகளில் ஃபெவிகாலையோ உருக்கிய மெழுகையோ தடவி, மீனை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வைத்தால் போதும். மறுநாள் வழித்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

### வயிற்றில் நீளத்துக்கு ஒரே விரிசல்

இதுதான் மோசமானது. மரம் வாங்கும்போதே நடந்துவிட்ட தவறு இது.

மீனை அடிப்பக்கமாகத் திருப்பி, வால் அடியிலோ தாடையிலோ வளையங்களைப் பாருங்கள். வளையங்களின் நடுப்புள்ளி மீனின் உடம்புக்குள்ளேயே இருந்தால், மரத்தின் நடுக்கருவோடு செதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முழு உருளைக் கட்டையை அப்படியே எடுத்துச் செதுக்கினால் இப்படித்தான் ஆகும். கருவிலிருந்து ஏதாவது ஒரு பக்கம் பிளந்தே தீரும். மாமரம், வேம்பு, பூவரசு எதற்கும் விலக்கில்லை. அடுத்த தடவை கட்டையைக் கருவை விட்டு நாலாக அறுத்து, ஒரு கால் பாகத்தில் மீனைப் போடுங்கள்.

நடுக்கரு இல்லையென்றால் பச்சை மரமாக இருக்கும். முதலில் ஈரம் அளக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் செதுக்கலாம், ஏசி அறைக்குப் போகும் மீனுக்கு அதற்கும் கீழே இருந்தால் நல்லது. மீட்டர் இல்லையா? கட்டையைத் தராசில் எடை போட்டு, கட்டையின் மேலேயே எடையை எழுதுங்கள். வாரம் ஒரு தடவை அதே தராசில் போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் உளி வைக்க வேண்டும். ஒரு அங்குலப் பலகை நிழலில் காய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நாலு அங்குலக் கட்டை எப்போது காயும் என்று அதை வைத்தே யோசித்துக்கொள்ளலாம்.

மரம் காய்ந்ததாகவே இருந்தும் விரிசல் என்றால் தடிமன்தான் காரணம். மூன்று அங்குலத்துக்கு மேல் கனமான உடம்புள்ள மீனை உள்ளே குடைய வேண்டும். கட்லா மாதிரி வயிறு பெருத்த மீனுக்கு இது கட்டாயம். கட்டையை முதலிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்து, உள்பக்கம் குடைந்து, சுவர் முக்கால் அங்குலம் நிற்கும்படி விட்டு, திரும்ப ஒட்டிவிட்டுச் செதுக்குங்கள். முடிந்துபோன மீனை அடிவயிற்றில் துளைபோட்டுக் குடைவதும் உண்டு. அதற்குத் துளைமேசையும் (நேராகத் துளைபோடும் இயந்திரம்) பழகிய கையும் வேண்டும்.

வைத்தியம்: அதே மரத்தில் மெல்லிய ஆப்பு சீவி, விரிசலின் ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவிச் செருகுங்கள். மறுபக்கம் நகர இடம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால் அடுத்த கோடையில் அந்த ஆப்புக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று விடும். மழைக்காலத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊறி விரிசல் மூடியிருக்கும், அப்போது அளந்து வைக்கும் ஆப்பு பங்குனியில் ஆடும். லப்பத்தை நான் விரிசலுக்குப் பரிந்துரைப்பதே இல்லை. மரம் நகரும், லப்பம் நகராது.

### ஒட்டிய இடத்தில் நூல் பிடித்தது போல நேர்கோடு

இரண்டு பலகையை ஒட்டிய கட்டையில் வருவது. இரண்டும் ஒரே மரமா என்று பாருங்கள். தேக்கும் மாமரமும் ஒட்டினால் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கும், பசை மேல் பழி போட்டுப் பயனில்லை. ஒரே மரம்தான் என்றால், பிரிந்த முகத்தில் பசை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் வெறும் மரமாகவும் இருந்தால் தடவிய பசை போதவில்லை, அல்லது கவ்வி இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். பழைய பசையைச் சுரண்டிவிட்டு அரால்டைட்டில் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் கவ்வியில் விடுங்கள்.

### பெயின்டில் மட்டும் மயிரிழை

நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் விரிசல் பெயின்டோடு நிற்கிறது. அடிக் கோட் காயாமலே மேல் கோட் அடித்தால் இப்படி வரும். உப்புத்தாளில் தேய்த்து மறுபடி அடித்தால் சரி.

### எப்போது ஆசாரியிடம் போக வேண்டும்

விரிசல் உடம்பின் பாதிக் கனத்துக்கு மேல் இறங்கியிருந்தாலோ, ஸ்டாண்டின் தாங்குகம்பி ஏறும் துளையை எட்டியிருந்தாலோ நீங்களே தொடாதீர்கள். பெரிய கவ்விகளும் அறுவை வசதியும் உள்ள ஆசாரி அதைப் பிரித்து ஒட்டித் தருவார். அதோடு, நூறு வருடப் பழசு என்று தெரிகிற வீட்டுச் சிற்பத்தையும் கோயிலில் வழிபாட்டில் இருக்கும் சிற்பத்தையும் உப்புத்தாள்கூடக் காட்டாமல் விடுங்கள். கோயிலுடையதை ஸ்தபதிதான் தொட வேண்டும். பழம்பொருளுக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, அங்கே யோசனை கேட்டுவிட்டுத் தொடலாம்.

## துடுப்பு உடைகிறது

எந்தத் துடுப்பு என்று பாருங்கள். வால் உடைவது குறைவு, ஏனென்றால் அதன் நரம்பும் மரத்தின் நாரும் ஒரே பக்கம் ஓடுகின்றன. முதுகுத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும்தான் உடையும். அவை உடம்பிலிருந்து மேலேயும் கீழேயும் நீட்டிக்கொண்டிருக்க, நாரோ தலையிலிருந்து வாலுக்கு ஓடுகிறது. அந்த மெல்லிய தகட்டில் நார் குறுக்காக நிற்பதால் விரல் பட்டாலே போதும்.

உடைந்த முகத்தைப் பாருங்கள். துண்டு சுத்தமாகப் பிஸ்கெட் உடைந்த மாதிரி வந்திருந்தால் நார் குறுக்கு, சந்தேகமே வேண்டாம். சிராய் சிராயாகப் பிய்ந்திருந்தால் நார் சரி, அடி படாத இடத்தில் மீனை வைக்க வேண்டியதுதான்.

எளிய வைத்தியம்: துண்டு கையில் இருந்தால் ஃபெவிக்விக் ஒரு சொட்டு. அதிகமாக விட்டால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், அது தனித் தலைவலி. அதைப் பற்றிக் கீழே வண்ணத்தில் சொல்கிறேன். ஒட்டிய பிறகு துடுப்பின் அடிவரை மெல்லிய ஃபெவிக்விக்கை ஊறவிட்டால் மரம் கெட்டிப்படும். மெலிந்த துடுப்புகளுக்கு இதைச் செதுக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

துண்டு இல்லையென்றால் புதுத் துடுப்புதான். இதை நான் பழுதாகவே நினைப்பதில்லை, முதலிலிருந்தே இப்படிச் செய்திருக்க வேண்டும். துடுப்பைத் தனியாக, அதன் நரம்பு ஓடும் பக்கமே நார் ஓடும்படி, மெல்லிய பலகையில் வெட்டுங்கள். முதுகில் அதற்கொரு காடி போட்டு, துடுப்பின் அடியைச் சற்றுத் தடிப்பாக விட்டுச் செருகுங்கள். மூங்கில் குச்சியை ஆணியாக அடித்தால் இன்னும் பலம். விராலின் முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை ஒரே நீளமாக ஓடும், அதில் சுமார் 40 நரம்புகள் இருக்கும். அவ்வளவையும் உடம்போடு சேர்த்து ஒரே கட்டையில் செதுக்குவது வீண் பிடிவாதம்.

துடுப்பு விறைப்பாக நிற்கிறதென்றால், வெட்டிய பலகையைச் செருகுவதற்கு முன் கொதிநீரில் ஊறப்போட்டு, ஒரு பாட்டிலின் வளைவில் துணியால் கட்டிக் காயவிடுங்கள். வளைவு நிற்கும். நீந்துகிற மீனின் துடுப்பு நேராக நிற்பதில்லை.

வஞ்சிரம் செதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டிக் கடற்கரை இங்கிருந்து தூரமில்லை என்பதால் அதைக் கேட்டு வருபவர்கள் உண்டு. இரண்டாம் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் எட்டிலிருந்து பத்து வரை குட்டித் துடுப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றை மரத்தில் செதுக்கினால் நிற்காது. மூங்கில் சீவிச் செருகுங்கள்.

## உளி பிய்த்துக்கொண்டு போகிறது, செதில் தெறிக்கிறது

முதல் சந்தேகம் உளிமுனை. கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை மெதுவாகச் சாய்த்து வையுங்கள். வழுக்கினால் மழுங்கல், பற்றினால் கூர். தீட்டுக்கல்லில் தேய்த்து, கடைசியில் தோல்பட்டையில் இழுங்கள். பழைய பர்மாத் தேக்கில் வேலை செய்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். தேக்கில் மணல்சத்து உண்டு, எந்த உளியையும் தின்றுவிடும்.

கூர் சரி, இன்னும் பிய்கிறதா? அப்படியானால் திசை. மீனின் நடுவயிறு மேடு, அங்கிருந்து தலைக்கும் வாலுக்கும் சரிவு. எப்போதும் மேட்டிலிருந்து சரிவை நோக்கி உளி ஓட வேண்டும். வாலிலிருந்து வயிற்றுக்கு ஏறினால் நாரின் அடியில் உளி புகுந்து தூக்கிவிடும்.

திசையும் சரியென்றால் மரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீட்டு மரம் கிடைக்கிறது. பல தலைமுறை காய்ந்த தேக்கு, அதிகம் சுருங்காது, விரிசல் பயம் குறைவு. ஆனால் காய்ந்து முறுகிப்போன மரம் என்பதால் மெல்லிய செதில் விளிம்பு நிற்காமல் தெறிக்கும். பெரிய வடிவத்துக்கு அது சரி, நுண்ணிய செதிலுக்கு குமிழ் மரமோ மாமரமோ நல்லது. பழைய மரத்தில் ஆணி உள்ளே முறிந்திருக்கலாம். செதுக்குவதற்கு முன் ஒரு பலமான காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் அதைத் தேய்த்துத் தூசியாக்காதீர்கள், அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பட்டறையில் தேய்ப்பு வேலை எதற்கும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், தேக்குத் தூளும் ஈட்டி மரத்தூளும் மூச்சுக்கு ஆகாது.

செதில் தெறிப்பதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. நாட்டு ஓடு வேய்வது போலத்தான் செதிலும்: தலைப்பக்கச் செதில் மேலே, வால்பக்கச் செதில் அதன் அடியில். ஆகவே ஒரு செதிலின் விளிம்பை உளியால் அழுத்தி வெட்டிவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் மரத்தைத்தான் இறக்க வேண்டும். விளிம்புக்கு முன்னால் தோண்டினால் செதிலே பெயர்ந்து வரும். மேலாக ஒரு கோடு மட்டும் கிழித்துவிட்டுச் செதில் என்பவர்களின் மீன் தெறிக்காது, ஆனால் பார்க்கும் எவருக்கும் தெரிந்துவிடும்.

## பார்க்க மீன் மாதிரி இல்லை

நிறையப் பேர் இதற்குப் பெயின்ட் அடிக்கத்தான் வருவார்கள். பெயின்ட் இதைச் சரிசெய்யாது. மீனை முதலில் மேலிருந்தும் நேர் எதிரிலிருந்தும் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் பார்ப்பது கடைசி.

### நேர் எதிரில் பார்த்தால் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே

கண் ஒரு நூல் தப்பினாலும் மீன் மாறுகண்ணாகிவிடும். முடிந்த மீனில் சரிசெய்ய வழி: கண்ணை எடுத்துவிட்டு, குழியை மரத்தக்கை வைத்து அடைத்து, தலை நடுவில் நூல் கட்டிக் கோடு போட்டு, கவராயத்தில் அளந்து மறுபடி துளைக்க வேண்டும். அடுத்த மீனுக்கு: கட்டை சதுரமாக இருக்கும்போதே, அதாவது உருட்டுவதற்கு முன், கண் இருக்கும் இடத்தில் துளைமேசையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நேராக ஒரு மெல்லிய துளை போட்டுவிடுங்கள். அப்புறம் எவ்வளவு செதுக்கினாலும் இரண்டு கண்ணும் ஒரே நேரில் நிற்கும்.

### கண் சரி, ஆனால் உயிர் இல்லை

செத்த மீனைப் பார்த்துச் செதுக்கியிருப்பீர்கள். சந்தையில் ஐஸில் கிடக்கும் மீனின் கண் உள்வாங்கி மங்கிவிடும், துடுப்பு உடம்போடு ஒட்டிக்கிடக்கும், நிறம் போயிருக்கும். அதைப் பார்த்து உள்ளபடி செதுக்கினாலும் உள்ளபடி செத்த மீன்தான் வரும். உயிர் மீன் பார்க்க வேண்டுமென்றால் விரால் நல்லது. அது காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் சந்தையில் அண்டாவில் உயிரோடு விற்கிறார்கள். ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். காற்று வாங்க மேலே வரும்போது தலை முதலில் எழும், உடம்பு பின்னால் வளையும், செவுள் அருகே இருக்கும் துடுப்பு மட்டும் விசிறிக்கொண்டே இருக்கும். அந்த வளைவைப் பென்சிலால் ஒரே கோட்டில் வரைந்து வாருங்கள். அந்தக் கோடுதான் உங்கள் மீனின் முதுகெலும்பு. கோடை கடைசியில் கண்மாய் அழிக்கும் (வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும்) ஊருக்குப் போனால் கெண்டை, கெளுத்தி, குறவை எல்லாமே கரையில் துள்ளும்.

### எல்லா மீனும் ஒரே மீனாகத் தெரிகிறது

கேட்ட மீனுக்குரிய அடையாளம் விட்டுப்போயிருக்கும். ஒவ்வொன்றிலும் இவற்றைச் சரிபாருங்கள். கட்லாவுக்கு மீசை இல்லை, வாய் மேல்நோக்கித் திறக்கும், தலை உடம்புக்குப் பெரியது. ரோகுவின் வாய் கீழ்நோக்கியது, தலை சிறியது. இரண்டுக்கும் பக்கவாட்டுக் கோட்டில் (செவுளிலிருந்து வால் வரை செதில்களின் மேல் தெரியும் கோடு) நாற்பதை ஒட்டிச் செதில்கள் வரும். ஜிலேபிக் கெண்டைக்கு அந்தக் கோடு தொடர்ந்து ஓடாது: முன்பாதி மேலே ஓடி நின்றுவிடும், பின்பாதி கீழே தனியாகத் தொடங்கும். இந்த ஒன்றைச் சரியாகப் போட்டாலே மீன் தெரிந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். கெளுத்திக்குச் செதிலே கிடையாது, நாலு ஜோடி மீசையும், முதுகின் பின்பகுதியில் நரம்பில்லாத ஒரு சதைத் துடுப்பும் உண்டு. கெளுத்திக்குச் செதில் செதுக்கிய மீன் என்னிடம் வந்திருக்கிறது. அதை மழித்து வழவழப்பாக்கித்தான் கொடுத்தேன்.

செதிலை எண்ணுகிறவர்கள் யார் என்று கேட்கலாம். எண்ண மாட்டார்கள். ஆனால் நாற்பது வர வேண்டிய இடத்தில் இருபது இருந்தால், எதுவோ பொம்மைத்தனமாக இருக்கிறது என்று கண்ணுக்குப் பட்டுவிடும்.

## வண்ணத்தில் கோளாறு

### வெள்ளை பூத்திருக்கிறது

எப்போது பூத்தது என்று கேளுங்கள். லாக்கர் அடித்த சில நிமிஷத்திலேயே பால் ஊற்றியது போல் மங்கினால், காற்றில் ஈரம் அதிகம். மழைநாளில் அடித்திருப்பார்கள். வெயில் வந்த ஒரு நாளில் மேலே தின்னரை மட்டும் மெல்லிசாக ஸ்பிரே பண்ணினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

துடுப்பின் அடியில் மட்டும் வெள்ளை என்றால் அது ஃபெவிக்விக்கின் ஆவி படிந்தது. துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், போகவில்லையென்றால் மெல்லிசாகத் தேய்த்து மேல் கோட் அடியுங்கள். அடுத்த முறை காற்றோட்டமான இடத்தில், ஊசி முனையில் எடுத்து ஒட்டுங்கள்.

### வெள்ளை வயிறு பழுப்பாகிறது

தேக்கிலும் ஈட்டியிலும் இது சகஜம். மரத்தின் சாயம் மேலே கசிகிறது. பெயின்ட் இல்லாத ஓர் இடத்தில், ஸ்டாண்ட் துளையின் ஓரம் மாதிரி, தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியைத் தேயுங்கள். துணி பழுப்பானால் உறுதி. மேலே எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் திரும்ப வரும். வயிற்றுப் பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டு, அரக்குப் பாலிஷ் இரண்டு கோட் அடித்து மரத்தை மூடிய பிறகு வெள்ளை அடியுங்கள்.

### பிசுபிசுவென்று காயாமல் இருக்கிறது, அல்லது தோலாக உரிகிறது

இதுவும் தேக்கின் வேலைதான், அதன் எண்ணெய் காரணம். அடிப்பதற்கு முன் தின்னரால் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் சீலர் (மரத்தை மூடும் அடிக் கோட்) போட வேண்டும். தேக்கு இல்லாத மரத்தில் உரிந்தால் கைபட்ட எண்ணெயோ தூசியோ காரணமாக இருக்கும்.

### மேலே எல்லாம் சரி, ஆனால் தட்டையாகத் தெரிகிறது

ஒரே கனத்தில் பெயின்ட் அப்பியிருக்கும். முதுகு கருமை, பக்கம் நடுத்தரம், வயிறு வெளிர் என்று மெல்லிய கோட்டாக ஏற்றுங்கள், ஒன்றின் வழியாக ஒன்று தெரிய வேண்டும். ஒவ்வொரு செதிலுக்கும் கறுப்பு விளிம்பு தீட்டாதீர்கள். துடுப்பில் பெயின்ட் குறைவாக, மரம் லேசாகத் தெரியும்படி விட்டால் ஈரத்தில் ஒளி ஊடுருவுவது போலிருக்கும்.

பெரிய மீனுக்கு மேல் கோட் பியு (பாலியூரித்தேன்) பாலிஷ் வேண்டுமென்றால், தூசியில்லாத அறையும் ஸ்பிரே கன்னும் வைத்திருக்கும் பாலிஷ்காரரிடம் கொடுத்துவிடுங்கள். திறந்த பட்டறையில் அடித்துத் தூசி ஒட்டிக்கொண்டால், செதிலின் இடுக்கிலிருந்து அதை எடுப்பது முடியாத காரியம்.

## அடியில் மாவு கொட்டுகிறது

மீனுக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியையோ தாளையோ விரித்து வைத்து ஒரு வாரம் விடுங்கள். பவுடர் மாதிரி மெல்லிய மாவு விழுந்து, உடம்பில் குண்டூசி அளவு ஓட்டைகள் தெரிந்தால் உளுப்பு வண்டு. விழவில்லையென்றால் அநேகமாக ஓட்டை பழசு, பூச்சி போயிருக்கும், மெழுகால் அடைத்துவிடலாம். மண்வரி ஏறியிருந்தால் அது கறையான், மீனை விட்டுவிட்டுச் சுவரைக் கவனியுங்கள்.

உளுப்பு பெரும்பாலும் மரத்தின் வெள்ளைப் பகுதியில்தான் வரும். மாமரம், வேம்பு, மலைவேம்பு மாதிரி மரத்தில் வெள்ளைப் பகுதியைச் சேர்த்துச் செதுக்கியிருந்தால் அதற்குத்தான் விருந்து. வைரம் பாய்ந்த பகுதிக்கு அநேகமாக வராது.

சிறிய மீனாக இருந்தால் செலவே இல்லாத வழி: பாலித்தீன் பையில் காற்றை எடுத்து இறுகக் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறையின் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் படியும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் தட்டு அவ்வளவு குளிராது. பெரிய மீனாக இருந்தாலோ வீட்டின் தூண், நிலைக்கும் பரவியிருந்தாலோ பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். மருந்து ஊசிபோட்டு ஏற்ற வேண்டும், அது கைக்கும் மூச்சுக்கும் ஆபத்தான மருந்து.

புதிதாகச் செதுக்குபவர்கள் பெயின்டுக்கு முன்பே போரக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரைத் தடவி, நன்றாகக் காயவிட்டுவிட்டால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. பாலிஷ் போட்ட பிறகு தடவினால் உள்ளே இறங்காது.

## ஸ்டாண்டில் ஆடுகிறது, தலை கவிழ்கிறது

மீனின் நடுவில் நூல் கட்டித் தூக்கி, எந்த இடத்தில் சமமாகத் தொங்குகிறது என்று பாருங்கள். தாங்குகம்பி அந்த இடத்தில்தான் ஏற வேண்டும். விராலுக்கு அது தலைப்பக்கம் தள்ளியே வரும். ஒரே கம்பி என்றால் மீன் சுற்றும், அதனால் சற்றுத் தள்ளி இரண்டு மெல்லிய கம்பி போடுங்கள். துளை தளர்ந்திருந்தால் மூங்கில் தக்கையை அரால்டைட்டில் தோய்த்து அடித்து, காய்ந்த பின் மறுபடி துளையுங்கள். சுவரில் மாட்டுவதாக இருந்தால், மீனுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் இழுத்தால் மீனின் முதுகுப்பக்கம் மட்டும் ஊறி, மேலே முதலில் சொன்ன விரிசலில் போய் நிற்கும்.